கூடப்பிறந்தவள்

மகனுக்குத் தன் கிட்னியில் ஒன்றைக் கொடுக்க வந்தவளிடம், பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“பையனுக்கு அப்பா உங்க வீட்டுக்காரர்தான். ஆனா அம்மா நீங்க இல்லம்மா. உங்க கூடப்பிறந்தவங்க.”

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே பையனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தது அவள் தங்கைதான்.

“சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றான் அவன்.

“சுமந்து பெத்தவ நான், டாக்டர்.”

“பெத்தது நீங்கதான். உங்க தங்கச்சி ரத்தத்தையும் பார்த்தாச்சு, அவங்க இல்ல. இது உங்க அம்மா வயித்துல உங்களோட சேர்ந்து கருவான ரெட்டை. அங்கயே ரெண்டு கருவும் கலந்து ஒரே உடம்பாயிட்டீங்க. அந்நியமா எது வந்தாலும் உடம்பு விரட்டும். ஆனா பிறக்கறதுக்கு முன்னாலயே கூட இருந்ததால, அவங்களையும் தன்னோடதுன்னு உங்க உடம்பு பழகிடுச்சு. ரத்தம் உங்களோடது. கருமுட்டை அவங்களோடது.”

“அப்ப என் கிட்னி?”

“யாரோடதுன்னு பார்த்துட்டுத்தான் சொல்லணும்.”

அவள் வெளியே வந்தாள். சித்தி மடியில் படுத்திருந்த மகன், “அம்மா” என்று கையை நீட்டினான்.

“என்னடா கண்ணு” என்ற பதில் அவள் வாயிலிருந்துதான் வந்தது. சொன்னது யார் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.