எட்டுத் திருகாணிகள்

பழுது சப்வூஃபரில் இல்லை என்பது மெக்கானிக்குக் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பெரிய ஸ்பீக்கரின் கூம்பை நான்கு விரல்களால் ஒருசீராக அழுத்திப் பார்த்தார்; உள்ளே உரசல் இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தார், 'காயில்' என்னும் கம்பிச்சுருள் கருகவில்லை. ஆயினும், சோதனை ஒலியை நாற்பது ஹெர்ட்ஸில் விட்டதும் எதுவோ கிடுகிடுத்தது.

"பத்து நாளா இதே ரோதனை," என்றார் வீட்டுக்காரர். "இவளைக் கேட்டா, எனக்கு ஒண்ணும் கேக்கலையேங்கிறா. காதை வாடகைக்கு விட்டுட்டா போல."

சுவரோரம் நின்ற மனைவி சிரிக்கவில்லை.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தும் ஓசை கெட்டால், வீட்டுக்குள் வேறு ஏதோ சேர்ந்து அதிர்கிறது என்பது இத்தொழிலின் பாலபாடம். வீட்டுக்காரரை ஆம்ப்ளிஃபயர் முன் உட்காரவைத்துவிட்டு, மெக்கானிக் ஒவ்வொரு பொருளாக உள்ளங்கை வைத்துக்கொண்டே போனார்.

ஜன்னல் கண்ணாடி இல்லை. பீரோக் கதவும் இல்லை.

ஓசை படுக்கையறைக்குள் அழைத்துச் சென்றது. மனைவி பின்னாலேயே வந்தாள்.

கட்டிலுக்கு அடியில், பழைய போர்வைகளுக்குப் பின்னால், ஒரு பயணப்பெட்டி. கை வைத்ததும் ஓசை அடங்கியது. நல்ல கனம். இரண்டு கொக்கிகளில் ஒன்றில் துணி சுற்றி இறுக்கியிருந்தது. மற்றதன் துணி அவிழ்ந்து கிடந்தது.

அவர் நிமிர்ந்தபோது அவள் கைகூப்பி நின்றாள்.

அவளுக்குப் பக்கத்தில், உட்புறமாகத் திறந்திருந்த கதவில், புதுத் தாழ்ப்பாள் ஒன்று. கதவின் வெளிப்பக்கத்தில் நான்கு திருகாணிகளால் முடுக்கியிருந்தது. உட்பக்கத்தில் ஏதுமில்லை.

மெக்கானிக் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். அது மறுபடி கிடுகிடுத்தது.

"வால்யூமை நல்லா ஏத்துங்க சார்! நான் சொல்ற வரைக்கும் அங்கேருந்து அசையாதீங்க!"

வீடே அதிர்ந்தது. ஐந்து நிமிடம் கழித்து அவர் வெளியே வந்தார்.

"காயில் உரசுது சார். கழட்டிக் கடைக்கு எடுத்துட்டுப் போகணும்."

"எப்பக் கிடைக்கும்?"

"அவசரமில்லைங்க," என்றாள் மனைவி. "சனிக்கிழமை தந்தாப் போதும்."

"உன்னை யாரு கேட்டா?"

"சனிக்கிழமைதான் ஆகும் சார்," என்றார் மெக்கானிக்.

பத்தொன்பது ஆண்டுகளில், கண்டறியாத பழுதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அன்று ரசீதில் 'காயில் உரசல்' என்று பிழையில்லாமல் எழுதிக்கொடுத்தார்.

கடைக்கு வந்து சட்டைப்பையைத் தட்டில் கவிழ்த்தார். சப்வூஃபரின் கறுப்புத் திருகாணிகள் எட்டு. அவற்றோடு, எந்த ஸ்பீக்கருக்கும் பொருந்தாத நீளத் திருகாணிகள் நான்கு; புதியவை, மரத்தூள் ஒட்டியவை.

அவை இருந்த துளைகளில் இப்போது கால் அங்குலத் திருகாணிகள் இருக்கின்றன. தலைகள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். உள்ளிருந்து ஓர் இழுப்பைத் தாழ்ப்பாள் தாங்காது.

அது அவளுக்குத் தெரியும். திருகாணி டப்பாவை ஏந்திக்கொண்டு நின்றவள் அவள்தான்.