பலூன்காரரின் சவாரி

“நீ ஓட்டுறது மட்டும் ஹைட்ரஜன் வண்டியா இருந்திருந்தா, இந்நேரம் கதவைத் திறந்து குதிச்சிருப்பேன் தம்பி.”

பின்சீட்டிலிருந்து பெரியவர் இப்படிச் சொன்னதும் தொக்சூவுக்கு ஸ்டீயரிங்கில் கை வழுக்கியது. அவர் ஓட்டிக்கொண்டிருந்தது ஹைட்ரஜன் டாக்சிதான். பின்கதவில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. மனிதர் ஏறின அவசரத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் இவர்தான் இன்றைக்கு முதல் போணி. உல்சான் நகரத்து டாக்சிக்காரர்கள் எதை வேண்டுமானாலும் தாங்குவார்கள், முதல் சவாரி பாதியில் இறங்கிப் போவதை மட்டும் தாங்க மாட்டார்கள். அப்புறம் நாள் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். தொக்சூவுக்கு இந்த மாதம் ஏற்கெனவே இழுபறியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“அது மேல அப்படி என்னங்கய்யா கோபம்?” ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார்.

“கோபமா? என் இடது புருவத்தைப் பாரு.”

கண்ணாடியில் பார்த்தார். புருவம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

“வாலிபத்துல பூங்கா வாசல்ல பலூன் வித்தேன். இதே வாயுவைத்தான் அடைப்போம். ஒருத்தன் சிகரெட்டோட பக்கத்துல வந்தான், டமால். அன்னிக்குப் போன புருவம் இன்னும் முளைக்கல. அதைக் கொண்டுபோய் காருக்குள்ள அடைக்கிறானுங்களே, புத்தி இருக்கா?”

“இப்ப வர்ற தொட்டியெல்லாம் ரொம்பக் கெட்டியாம் ஐயா. புகையே கிடையாது. பின்னாடி வெறும் தண்ணிதான் சொட்டும்னு சொல்றாங்க.”

“சொல்வாங்க, சொல்வாங்க. சொல்றவனுக்கெல்லாம் ரெண்டு புருவமும் இருக்கு.”

தொக்சூவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பெரியவர் எதையும் அடக்கவில்லை. பாலத்தில் மந்திரிகளைத் திட்டினார். சிக்னலில் கார் கம்பெனிக்காரர்களைத் திட்டினார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு தொக்சூவையே திட்டினார்.

ஒருவழியாகப் பெரியவர் போகச் சொன்ன மீன் சந்தை வந்தது. தொக்சூவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சந்தை வந்தாச்சுங்கய்யா.”

பெரியவர் இறங்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல. ஏறின இடத்துக்கே திருப்பி விடு.”

“என்னங்கய்யா சொல்றீங்க?”

“என் பொண்ணு மிராங் நாளைக்கு முதல்தடவையா டவுன் பஸ் ஓட்டப் போறா. ஹைட்ரஜன் பஸ். அப்பாதான் முன்சீட்ல உட்காரணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. அத்தனை பேர் முன்னாடி எனக்குக் கை கால் நடுங்கினா, பாவம், அவ முகம் என்ன ஆகும்? அதான் வந்த டாக்சியை எல்லாம் போகவிட்டு, உன் கதவுல எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டுத்தான் ஏறினேன்.”

தொக்சூ திரும்பிப் பார்த்தார். பெரியவர் சீட் பெல்ட்டை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டு சொன்னார்:

“வரும்போது பயத்துல, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி திட்டிக்கிட்டே வந்துட்டேன். போகும்போது வாயைத் திறக்காம உட்கார முடியுதான்னு பார்க்கிறேன். கிளம்பு.”