பதினேழு கிலோ சைக்கிள்

அலுமினிய ரிம் மாட்டினால் சைக்கிளின் எடை குறையும். எடை குறைந்தால் ஜனவரி இருபத்தாறு பந்தயத்தில் ஜெயித்துவிடலாம்.

தாராவி தோல் பட்டறையில் வேலை பார்க்கும் செல்லத்துரைக்கு ஒரு மாதமாக இதே பேச்சு. போன வருஷம் தாணே வரை உயிரைக் கொடுத்து மிதித்து, ஒரு சக்கர நீளத்தில் தோற்றவன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ரிம்முக்குத்தான் பணமில்லை. மனைவி இசக்கியம்மாளிடம் இருந்தது. தேவ்நார் குப்பைமேட்டுப் பக்கம் தகரமும் இரும்பும் பொறுக்கி விற்று, தையல் மிஷின் வாங்கச் சேர்த்து வைத்தது.

கேட்டான். அவள் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னத்தச் சேத்துக் கிழிச்சிட்ட? காலையில போனா சாயங்காலம் வார. நயினார் கடையில போட்டா பதினாறு கிலோ. மரத்தடியில உக்காந்து ஊர்க்கதை பேசினா மூட்ட எப்படி நெறையும்?"

இது தினப்படி பாட்டு. மூட்டை கழுத்து ஒடிகிற கனம் கனத்ததே என்று ஆரம்பத்தில் அவளும் சொல்லிப் பார்த்தாள். தராசு பொய் சொல்லுமா என்று அவன் வாயை அடைத்துவிட்டான். பழைய இரும்புக்கடை ஆறுமுகநயினார் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். கோயில் கமிட்டித் தலைவர் வேறு. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சைக்கிள் கடை முகம்மது ஹனீப், வண்டி இப்போது என்ன எடை என்று முதலில் பார்த்து வரச் சொன்னார். செல்லத்துரை நேரே இரும்புக்கடைக்குப் போனான். நயினார் கோயிலுக்குப் போயிருந்தார். கடையாள்தான் சைக்கிளைத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு நிறுத்துக் கொடுத்தான்.

பதினேழு கிலோ. செல்லத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. பாதி பந்தயம் ஜெயித்த மாதிரி ஓடிவந்து சொன்னான்.

ஹனீப் சிரித்தார். "வே, கம்பெனியிலருந்து வரும்போதே இந்த வண்டி இருபது கிலோ. அதுக்கு மேல கேரியரும் ஸ்டாண்டும் மாட்டி வச்சிருக்கீரு. பதினேழு எப்படிவே வரும்?"

மாதுங்கா ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவரைக் கெஞ்சி அங்கே நிறுத்துப் பார்த்தான். இருபத்தொன்றரை.

வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இசக்கியம்மாள் வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"திருட்டுத் தராசு. எஞ் சைக்கிள்லயே நாலரக் கிலோவ முழுங்கியிருக்கான். பதினேழுன்னு சொன்ன அந்த நிமிசமே எனக்குச் சந்தேகம் தட்டிட்டு" என்றான், ஹனீப்பின் பெயரை விழுங்கிவிட்டு.

ரிம்மும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றான். எடையைக் குறைக்கக் கேரியரைக் கழற்றப் போவதில்லை, இனிமேல் மூட்டையைத் தானே வேறு கடைக்குக் கொண்டுபோவதாகப் பெரிய மனசு பண்ணிச் சொன்னான். சொன்ன கையோடு மூட்டையைத் தூக்கினான். ஒரே மூச்சில் தூக்க முடியவில்லை. இரண்டாம் முறை முக்கித்தான் கேரியரில் ஏற்றினான்.

இசக்கியம்மாள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்.

"சைக்கிளு எட கொறஞ்சதும் தராசு மேல சந்தேகப்பட்டிய. எம் மூட்ட கொறஞ்சப்பல்லாம் எம் மேலதான சந்தேகப்பட்டிய?"