கயிறு பிடிக்கிறவன்

“கண்ணு கறுப்பாயிருமாம்மா?”

“பார்வை வருமான்னு கேளுங்கண்ணே. கலரைக் கேக்கீய!” பாஸ்கலின் மூடிய இடது இமையில் ஜெல்லைத் தடவினாள், ஸ்கேன் எடுக்கும் சுடலைச்செல்வி.

சங்கு எடுத்துவிட்டு மேலே வரும்போது படகின் அடியில் மோதிய கண். புரை முற்றி வெள்ளையாகிக் கிடந்தது. விளக்கடித்துப் பார்த்தாலும் உள்ளே எதுவும் தெரியாது. பின்னால் விழித்திரை ஒட்டியிருக்கிறதா, பிய்ந்துவிட்டதா என்று ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். பிய்ந்திருந்தால் புரையை எடுத்தும் பயனில்லை.

“அடிபட்டு எத்தனை வருசம்?”

“பன்னெண்டு.”

“பன்னெண்டா? பல்லு வலின்னா மறுநாளே ஓடியிருப்பியல்லா? இப்ப மட்டும் என்ன அவசரம்?”

“அடுத்த மாசம் மாதா கோயில்ல மச்சான் மவளுக்குப் புதுநன்மை, மொத மொத நற்கருணை வாங்குதா. வெளியூர்லேருந்து எல்லாரும் வருவாவ.”

மச்சான் ஆன்டனி சுவரோரம் நின்றிருந்தான்.

“ஆபரேஷன்னா கையெழுத்து வேணும். வீட்டம்மா வரலியா?”

“மச்சான் போடுவான். கடலுக்குள்ள என் உசுரே அவன் கையிலதான்.”

“அது எப்படி?”

“முங்குதவனுக்கு மேல இருந்து கயிறு பிடிக்கிறது, பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான். தங்கச்சி தாலிய நெனச்சு கவனமா இருப்பாம்லா!”

“அந்தத் தங்கச்சிக்கு ஆஸ்பத்திரிக்கு வர மட்டும் நேரமில்லையாக்கும்!” செல்விக்கு எரிந்தது.

பாஸ்கல் சிரிக்கப் பார்த்தான். இமை மேல் கருவியை வைத்து மெல்லச் சாய்த்தாள். கறுத்த திரையில் வெள்ளைக் கோடு ஒன்று, வளைவாக, எங்கும் அறுபடாமல்.

“விழித்திரை நல்லா ஒட்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணலாம்.”

“கறுப்பாயிரும்லா?”

“ஆயிரும், ஆயிரும்! போய் மூஞ்சியக் கழுவுங்க.”

அவன் போனதும் படிவத்தை ஆன்டனியிடம் நீட்டினாள். “உறவுங்கிற எடத்துல மச்சான்னு எழுதுங்க. ஆபரேஷன் அன்னைக்காவது உங்க தங்கச்சியை வரச் சொல்லுங்க.”

ஆன்டனியின் பேனா நின்றது.

“அவ புதுநன்மைக்குத்தாம்மா வாரா. புருசனோட, ரெண்டு பிள்ளையளோட.”

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். குழாயடியில் பாஸ்கல் கண்ணாடியை ஒட்டி நின்று, இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிச்சு அறிவிச்சாத்தான் எங்கள்ல கல்யாணம். அவளுக்கும் இவனுக்கும் ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு. அதுக்குள்ள அடிபட்டு இவன் கண்ணு வெளுத்துப்போச்சு, மூணாவது ஓலைய வாசிக்க எங்கப்பா விடல” என்றான் ஆன்டனி. “ஆனா இன்னைக்கும் வேற எவன் கயிறு பிடிச்சாலும் இவன் கடல்ல இறங்க மாட்டான்.”