திரையில் நெளிபவை

ஊர் முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்து அனுப்பியதால், கும்பகோணத்து ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் இளம்பரிதி மல்லாந்து படுத்திருக்கிறான். தொடை இடுக்கில் தடவிய பசை சில்லென்றிருக்கிறது. டாக்டரம்மா கருவியை அழுத்தி ஓரிடத்தில் நிறுத்துகிறார். சாம்பல் நிறத் திரையில் கரிய குழாய் ஒன்று தெரிகிறது. அதற்குள் வெள்ளை நூல்கள் ஓயாமல் நெளிகின்றன. “யானைக்கால் புழு. உசுரோட இருக்கு.” பக்கத்தில் நிற்கும் மனைவி மலர்க்கொடி வாயைப் பொத்திக்கொள்கிறாள். இளம்பரிதி தலையைத் தூக்கிப் பார்க்கிறான். “வலியே இல்லீங்களே டாக்டர். ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லியே?” “உங்க எதிர்ப்பு சக்தியை அது அமுக்கி வச்சிருக்கு. மாத்திரை போட்டா புழு சாகும். அப்பத்தான் உடம்பு முழிச்சுக்கிட்டு சண்டை போடும். காய்ச்சல் வரும், நெறி கட்டும். தாங்கிக்கணும்.” “போடலன்னா?” “கால் வீங்க ஆரம்பிச்சுடும்.” சேற்றில் டிராக்டர் ஓட்டி, பசித்துத் தின்று, மகளை மார்பில் போட்டுத் தூங்கவைத்த உடம்பு இது. தன்னுடையது என்றே நினைத்திருந்தான். டாக்டரம்மா திரையை அணைக்கிறார். அவன் கண்ணில் நெளிவு அணையவில்லை. மலர்க்கொடி அவர் கொடுத்த மாத்திரையைப் பிரித்துத் தண்ணீர் பாட்டிலோடு நீட்டுகிறாள். “போட்டுக்குங்க. நான் இருக்கேன்ல.” வாங்கி வாயில் போடுகிறான். விழுங்குகிறான். உடனே அவள் உள்ளங்கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்கிறான். “சுடுதா பாரு.”