இருபத்துமூன்றாவது செய்தி

படகு கரை சேர்ந்ததும் வீட்டுக்குச் செய்தி போகும் செயலியை, பாம்பனில் ரெக்ஸும் அவன் மனைவி அனிட்டாவும் சேர்ந்து ஜாவாஸ்கிரிப்டில் எழுதினார்கள். அதில் செய்தி அனுப்பும் நிரல் பகுதியான மாடியூல் அனிட்டாவுடையது. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

"ஏலே, போனது இருபத்திரண்டு வள்ளம். வந்தது இருபத்துமூணுங்குது. கடல்ல குட்டி போடுதா? அந்த மாடியூலத் தூக்கிரு" என்றார் மீனவர் சங்கத் தலைவர் சவேரியார்.

"அது அவ எழுதுனதுண்ணே."

சவேரியார் குரலைத் தாழ்த்தினார். "தெரியும்லே. ஆனா கரையில நிக்கிற சனம் இந்தக் கணக்க நம்பித்தான் மூச்சு விடுது."

ரெக்ஸ் நிரலை வரிவரியாக ஓட்டிப் பார்த்தான். கூடுதலாக எண்ணப்பட்ட அந்தச் செய்தி தினமும் மாலை ஆறு பத்துக்கு, அவன் வீட்டுக் கதவைத் திறக்கும் நேரத்தில், அனிட்டாவின் எண்ணுக்குப் போயிருந்தது. அந்த எண் எந்தக் கோப்பிலும் இல்லை. அவளுடைய போன் பீரோவுக்குள் அணைந்து கிடந்தது.

புது மாடியூல் எழுதி, எல்லாப் படகுகளையும் அதற்கு மாற்றினான். கணக்கு சரியானது. பழையதை அழிக்க மட்டும் கை வரவில்லை. இனி அதற்கு ஒரு படகும் இல்லை.

அன்று மூன்று மணிக்கே வீட்டுக்குப் புறப்பட்டான். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியில் செய்திப் பதிவைப் பார்த்தான். பழைய மாடியூல் அனிட்டாவின் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தது: "வந்தாச்சு." நேரம் மூன்று பதினான்கு.

அதன் கீழே, படித்த நேரமும் மூன்று பதினான்கு.