கூட்டணிக்கு ஒரு கல்

"டொக்!"

இஸ்திரிக் கடைக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

நினைத்தது சரி. எதிர்வீட்டுக்காரன் மறுபடியும் கல்லெறிந்துவிட்டான். நடுத்தெருவில் படுத்திருந்த கூட்டணி வாலைச் சுருட்டிக்கொண்டு கடைக்குள் பாய்ந்து மேசைக்கடியில் பதுங்கியது. இனி ரெண்டு மணி நேரத்துக்கு அது வெளியே தலை நீட்டாது.

கூட்டணி என்பது நாயின் பெயர். "தலை ஒரு கட்சி, கால் ஒரு கட்சி, வால் சுயேச்சை" என்று பார்த்த அன்றே அவள் புருஷன் வைத்தது. அவனையும் குறை சொல்ல முடியாது. துளியூண்டு தலை, அதைவிடப் பருத்த கழுத்து, பெஞ்சு நீளத்துக்கு உடம்பு, அதைத் தாங்கக் குட்டைக் கால்கள், நரிக்கு இருக்கிற மாதிரி புசுபுசு வால். எத்தனை இனம் கலந்ததோ, ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை.

தலை சின்னது என்பதால் கழுத்துப்பட்டை நிற்காது. லைசென்ஸ் வில்லையோடு மாட்டிவிட்டால், பத்தே நிமிஷத்தில் உருவிப் போட்டுவிட்டு வந்து நிற்கும். பட்டையும் வில்லையும் கடை டிராயரில்தான் கிடந்தன.

ஆனாலும் அவளுக்கு அது உயிர். கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டால் ஒரு வாய் சாப்பாடு இறங்காது.

"ஏன்யா, அது உங்களை என்ன பண்ணுச்சு? வாரத்துக்கு ஒரு தடவை கல்லெடுக்காட்டி கை அரிக்குதா?"

எதிர்வீட்டுக்காரன் ஏதோ ஆபீசில் வேன் டிரைவர். குடிவந்து நாலு மாசம். யாரோடும் ஒட்டமாட்டான்.

"நாயைக் கட்டிப் போடுங்கம்மா."

"பட்டை நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப உள்ள வெச்சுக் கதவைச் சாத்துங்க."

"நல்லாயிருக்கே! உங்களுக்காகக் கடையைச் சாத்தணுமா? எட்டு மணிக்குள்ள நாப்பது சட்டை கொடுக்கணும் நான்!"

சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. "வாயில்லா ஜீவன் மேல கல்லெறியறவன் ஒரு மனுஷனா?" என்றாள் மாடி வீட்டு டீச்சர். அப்புறம் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

புருஷன் மட்டும் அவள் காதோரம், "விடு. அந்த ஆளுக்குக் குறியே சரியில்ல. நாலு மாசமா எறியறான், ஒரு கல்லாவது பட்டிருக்கா?" என்றான்.

"படற வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கணுமோ?" என்று அவனையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பினாள். "இனிமே எறிய மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

எதிர்வீட்டுக்காரன் தெருமுனையை ஒரு தரம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். மென்று முழுங்கிவிட்டு, "சரிம்மா. எறியல" என்று போய்விட்டான்.

ஆறு நாள் நிம்மதி.

ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு அவன் வாசலில் வந்து நின்றான். நடுத்தெருவில் நீட்டிப் படுத்திருந்த கூட்டணியைப் பார்த்தான். கையைப் பிசைந்தான். இவள் இடுப்பில் கைவைத்து முறைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

"பாத்தீங்களா, அந்தப் பயம் இருக்கணும்" என்றாள் புருஷனிடம்.

ஏழு மணி. மடித்த சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கூட்டணியின் அலறல் கேட்டது.

வெளியே கம்பி போட்ட வண்டி. நாய் பிடிக்கிற வண்டி! வலைக்குள் கூட்டணி தலைகீழாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த வண்டியில் போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

அவள் ஓடிப்போய் வலையைப் பிடித்தாள். "ஐயோ, அது எங்க நாய்! விடுங்க!"

"கழுத்துல வில்லை இல்லையேக்கா" என்றான் வலைக்காரன்.

"இருக்கு! டிராயர்ல இருக்கு!"

"லைசென்ஸ் நாய்க்கா, டிராயருக்கா?" உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். "அண்ணே, வண்டிய எடுங்க!"

வண்டி உறுமியது. அணைந்தது. மறுபடி உறுமியது. அணைந்தது.

அவள் உள்ளே ஓடி டிராயரைக் கவிழ்த்தாள். பட்டன், சாக்பீஸ், பழைய சீட்டு... வில்லையைக் காணோம். வெளியே இன்னொரு உறுமல். கிளம்பிடுச்சா? கடவுளே! மேசைக்கடியில் தெறித்துக் கிடந்த பட்டையை அள்ளிக்கொண்டு விழுந்தடித்து ஓடினாள்.

வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

வலைக்காரன் நம்பரைப் பார்த்துச் சலித்துக்கொண்டே கதவைத் திறந்தான். "உங்க நல்ல நேரம்க்கா. நேத்துகூட வெண்ணெய் மாதிரி ஓடின வண்டி இது. தெருவைத் தாண்டியிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

கூட்டணி அவள் மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கியது. அவள் அழுதுகொண்டே அதைக் கட்டிக்கொண்டாள்.

"வர்ற நாளை முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி?" என்றான் புருஷன்.

"சொன்னா சீட்டு கிழிஞ்சிடும்ணே. ஆனா அதிசயத்தைப் பாருங்க. நாலு மாசமா வாராவாரம் இந்தத் தெருமுனையில நின்னு எட்டிப் பாக்கறோம், ஈ காக்கா இருக்காது. இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒண்ணு சிக்குச்சு. அதுவும் இப்படி ஆயிடுச்சு. இல்லண்ணே?"

கடைசிக் கேள்வி டிரைவர் அண்ணனுக்கு. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் எதிர்வீட்டுக்காரர்.

அவள் விலகி நின்றதும் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது.

சாயங்காலம் அவர் வாசலுக்குப் போய் அவள் என்ன பேசினாள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரம், காலை ஆறு மணி.

"டொக்!"

கூட்டணி மேசைக்கடியில் பாய்ந்தது. இஸ்திரிக் கடைக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏங்க, அண்ணன் கல்லெறிஞ்சுட்டாரு. ஷட்டரை இறக்குங்க!"